திங்கட்கிழமை நாற்றம்: குறுந்தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை குறுந்தொழில் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கணபதியில் நாலு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடிக்கும். உங்கள் பட்டறைகளிலும் அதே கதைதான். கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய் கலந்த தண்ணீர்தான் கூலன்ட். ஞாயிறு முழுக்க பம்ப் ஓடாமல் கிடக்கிற அதன் மேல் எண்ணெய் ஏடு படர்ந்து, அடியில் காற்றில்லாமல் பெருகும் பாக்டீரியாவின் வேலை அது. பையன்களுக்கு விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. மாற்றும்போது அந்தப் பால்வெள்ளைத் தண்ணீரை எங்கே கொட்டுவது? கழிந்த எண்ணெய் அபாயக் கழிவு என்று விதி சொல்கிறது. ஆனால் என் ஒரு பேரலுக்காக வண்டி அனுப்ப யாரும் தயாரில்லை. பலர் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குள் ரகசியமில்லை.

நண்பர் ஒருவர் கூலன்டுக்குப் பதிலாக எம்க்யூஎல் போட்டிருக்கிறார், அதாவது மிகக் குறைந்த எண்ணெயில் கடையும் முறை. கம்ப்ரசர் காற்றோடு தாவர எண்ணெய் துளித்துளியாக டூல் முனைக்கே போகிறது. மணிக்கு 100 மில்லிக்கும் கீழே, ஒரு டீ கிளாஸ் அளவுதான். கூலன்ட் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இது உராய்வைக் குறைத்து, சூடு கிளம்புவதையே குறைக்கிறது. அவர் மெஷினில் இஎன்-8 எஃகு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கடைசலில் உதிர்ந்து ஆறிய இரும்புச் சுருளை எடுத்துப் பார்த்தேன், கையில் பிசுபிசுப்பே இல்லை. பழைய இரும்புக்காரர் ஈரம் என்று சொல்லி இதற்கு எடை கழிக்க மாட்டார்.

எண்ணெய்க்கு வெளிநாட்டைப் பார்க்கவும் வேண்டாம். 304 ஸ்டெயின்லெஸ் கடைசலில் தேங்காய் எண்ணெயைச் சோதித்து, நல்ல பலன் கிடைத்ததாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2009-லேயே எழுதினார்கள். (மார்கழிக் காலையில் அது உறைந்துபோகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கே தெரியும். அதனால் அப்படியே ஊற்ற முடியாது.)

எல்லா வேலைக்கும் இது ஒத்துவராது. கிரைண்டிங், ஆழமான துளை என்றால் கூலன்ட் வேண்டும். சுருளைக் கழுவித் தள்ள இதில் தண்ணீர் இல்லை. எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறாமல் இழுக்க உறிஞ்சும் விசிறி வைக்க வேண்டும், கம்ப்ரசர் கரண்ட் பில்லும் ஏறும். வார்ப்பிரும்பை நாம் எப்போதும் எதையும் ஊற்றாமல் உலர்வாகத்தானே கடைகிறோம், அதற்கு இதுகூட வேண்டாம்.

சரி, கேட்பது இதுதான். கருத்தரங்கம் வேண்டாம். சங்கப் பணத்தில் இரண்டு எம்க்யூஎல் செட் வாங்கி, உறுப்பினர்களுக்கு வார வாடகைக்குக் கொடுங்கள். சொந்த மெஷினில், சொந்த ஜாபில், டூல் முனையில் மாட்டும் இன்சர்ட் எத்தனை பீஸ் தாங்குகிறது என்று அவரவர் எண்ணிப் பார்க்கட்டும். அப்புறம், கழிந்த கூலன்ட்டைத் தெருத்தெருவாக எடுக்க மாதம் ஒரு வண்டி. செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

முதல் வாரம் என் பட்டறைக்கே அனுப்புங்கள். கம்ப்ரசர் ரெடியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்