வீட்டில் அடிக்கிறார்களா என்று கேட்க நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு ராத்திரி டியூட்டியில் ஒரு பெண் வந்தாள், பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம், ஆனால் மேல்கையில் நாலு விரல் பதிந்த தடம் அப்படியே கன்றிப்போயிருந்தது, எதைக் கேட்டாலும் புருஷன்தான் பதில் சொன்னான். என்கூட இருந்த பயிற்சி மாணவி பிபி பார்த்தாள், குறித்தாள், அவ்வளவுதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அந்த வயதில் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாக தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிறது. அப்படியென்றால் எந்த வார்டிலும் இவர்கள் இருப்பார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது, பெண்களுக்கான 181 உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் கூட வந்தவரை சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, "வீட்டில் யாராவது அடிக்கிறாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்பதற்கு மாணவிகளைப் பழக்க வேண்டாமா? ஊசி போட மட்டும் பொம்மையை வைத்து எத்தனை நாள் பழக்குகிறோம். அப்புறம், "அனுசரித்துப் போம்மா" என்று புத்தி சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதை நம் சீனியர்களே சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை