உறுப்பினர் இல்லாத தொகுதி: மகளுக்கு ஒரு கடிதம்

சத்தியவேடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். தேர்தல் முடிவு நாளில் அறிவித்த கட்சிகளின் பலம் ஐந்தாண்டும் அப்படியே நிற்காமல் ஏன் கூடிக் குறைகிறது என்று நீ கேட்டது, தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கக் கூடிய கேள்வி அன்று.

மக்களவையின் 543 இடங்களும் முழுமையாக நிரம்பியிருக்கும் நாட்கள் குறைவு. உறுப்பினர் இறந்து போவார், பதவி விலகுவார், இரண்டு தொகுதிகளில் வென்றிருந்தால் ஒன்றை விட்டுவிடுவார், இரண்டாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றுத் தகுதி இழப்பார், சில வேளைகளில் அவையே அவரை நீக்கும். இப்படி ஒவ்வோர் இடமாகக் காலியாகி, இடைத்தேர்தலில் வேறு கட்சியிடம் போவதால் கணக்கு மாறுகிறது. 2014 இல் 282 இடங்களுடன் வந்த பாரதிய ஜனதா கட்சி, ரத்லம், குர்தாஸ்பூர், அஜ்மேர், அல்வர், கோரக்பூர், பூல்பூர், கைரானா என்று தன் கையிலிருந்த தொகுதிகளை இடைத்தேர்தல்களில் இழந்து, பெரும்பான்மைக்குத் தேவையான 272 ஐ நெருங்கும் அளவுக்கு இறங்கியது. கூட்டணி இருந்ததால் ஆட்சிக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் வீழ்ந்ததை நினைத்துப் பார்த்தால், ஓர் இடம் என்பது எவ்வளவு என்று உனக்குப் புரியும்.

நம் ஊர் திருப்பதி நாடாளுமன்றத் தொகுதியில் இருப்பதால் இந்த மாற்றங்களை நாங்கள் நேரிலேயே பட்டிருக்கிறோம். ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் ஐந்து மக்களவை உறுப்பினர்கள் 2018 ஏப்ரலில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். திருப்பதி உறுப்பினரும் அவர்களில் ஒருவர். கடிதம் ஏற்கப்பட்டு இடங்கள் காலியானது ஜூன் 20 முதல்தான். காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. ஆயினும் மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அந்த மக்களவையின் காலம் 2019 ஜூன் 3 இல் முடிவதாக இருந்ததால், இரண்டு வாரச் சொச்ச வித்தியாசத்தில் நமக்கு இடைத்தேர்தல் இல்லாமல் போயிற்று. மே மாதத்திலேயே காலியான கர்நாடகத்தின் பல்லாரி, சிவமொக்கா, மண்டியா தொகுதிகளுக்கு நவம்பர் 3 அன்று இடைத்தேர்தல் நடந்தது. கொடுத்த நாளிலேயே கடிதத்தை ஏற்றிருந்தால் நாமும் வரிசையில் நின்று வாக்களித்திருப்போம். விலகல் தானாக விரும்பி எழுதப்பட்டதா என்று சபாநாயகர் விசாரித்துத் தெளிவது அவசியம்தான். ஆனால் அதற்கொரு கால வரம்பு வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

2019 இல் வென்ற பல்லி துர்கா பிரசாத் ராவ் அடுத்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று கொரோனாவால் இறந்தார். ஆறு மாத வரம்பு கடந்து 2021 ஏப்ரல் 17 அன்று தேர்தல் நடந்து, மே 2 அன்று குருமூர்த்தி வென்றதாக அறிவிக்கப்பட்டது. தொற்றுக் காலத்தின் தாமதத்தை நான் குறை சொல்லவில்லை. இருந்தாலும் இரண்டு இடைவெளிகளையும் கூட்டினால், மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இத்தொகுதிக்கு மக்களவையில் குரல் இல்லை. அந்தக் காலத்தில் இயற்றிய சட்டங்களுக்கும் நாம் கட்டுப்பட்டோம், வரியும் செலுத்தினோம். நம் சார்பில் கேள்வி கேட்கவும் கை தூக்கவும் மட்டும் ஆள் இல்லை.

நீ இப்போது வாழும் புணேயின் கதை இன்னும் வருத்தமானது. அங்கே உறுப்பினராக இருந்த கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று இறந்தபோது ஓராண்டுக்கு மேல் காலம் மீதமிருந்தது. பொதுத்தேர்தல் வேலைகளைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தல் நடத்தவில்லை. மக்களைப் பிரதிநிதி இல்லாமல் விட முடியாது என்று கூறி உடனே நடத்தும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் உத்தரவிட்டது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 ஜூன் வரை அந்தப் பெருநகரத்தின் இடம் காலியாகவே கிடந்தது. உயர் நீதிமன்றம் சொன்னதுதான் நியாயம் என்று நான் கருதுகிறேன்.

மாநிலங்களவையின் வழி வேறு. அது கலைவதில்லை, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் நிரப்புவார்கள். ஆந்திரத்தின் 11 இடங்களும் 2024 ஏப்ரலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸிடம் இருந்தன. அவ்வாண்டு சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி 175 இல் 11 இடங்களுக்குச் சுருங்கியதும், மாநிலங்களவையில் காலியாகும் எந்த இடமும் எதிரணிக்கே போகும் என்ற நிலை வந்தது. மோபிதேவி வெங்கடரமணா, பீதா மஸ்தான் ராவ், ஆர். கிருஷ்ணய்யா ஆகிய மூவரும் விலகினர். டிசம்பரில் மஸ்தான் ராவ் தெலுங்கு தேசத்தின் சார்பிலும் கிருஷ்ணய்யா பாரதிய ஜனதாவின் சார்பிலும் போட்டியின்றித் திரும்பி வந்து அமர்ந்தார்கள். அடுத்த ஜனவரியில் விஜயசாய் ரெட்டியும் விலக, அந்த இடம் பாரதிய ஜனதாவுக்குச் சென்றது. மாநிலங்களவைக்கான வழக்கமான இரண்டாண்டுத் தேர்தல் எதுவும் வராமலேயே ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் 11 என்பது 7 ஆயிற்று.

இதை நான் முழுவதும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பதவியை விட்டு விலகி மீண்டும் தேர்வு பெறுவதாவது சட்டம் காட்டும் நேர்வழி. 2019 ஜூனில் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தெலுங்கு தேசத்தின் ஆறு மாநிலங்களவை உறுப்பினர்களில் நால்வர், இருந்த இடத்தில் இருந்தபடியே பாரதிய ஜனதாவில் இணைந்தார்கள். 1985 இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், தனி ஒருவர் தாவினால் பதவியைப் பறிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து போனால் இணைப்பு என்று ஏற்றுக்கொள்கிறது. ஆறில் நால்வர் அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தினர். முன்பு மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தாலே பிளவு என்று ஏற்கும் விதி இருந்தது. அதை 2003 இல் நீக்கினார்கள். இந்த இணைப்பு விதியையும் நீக்கி, போகிறவர் எத்தனை பேராயினும் பதவியை விட்டுவிட்டுப் போகட்டும் என்று திருத்த வேண்டும்.

ஆகவே செய்தியில் ஒரு கட்சியின் பலம் என்று எண்ணைப் பார்க்கும்போது, அது எந்தத் தேதிக்குரியது, எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்பதையும் சேர்த்துப் பார். பெரும்பான்மைக் கணக்கு அந்தக் காலியிடங்களையும் பொறுத்தே அமைகிறது.

உன் பெயர் இன்னும் சத்தியவேடு வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. நீ புணேயிலேயே தங்குவதாக முடிவு செய்துவிட்டால், பொதுத்தேர்தல் வரட்டும் என்று காத்திராமல் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள். இடைத்தேர்தல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றியதும் எங்களுக்கு எழுது. அப்பாவும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா