கட்டடத்தில் ஒன்று, மொடலில் ஒன்று: உடனே திருத்தித் தரவும்

வணக்கம்,

உப்புவெளியில் உள்ள எங்கள் மூன்று மாடி விடுதிக்கு நீங்கள் செய்து தந்த டிஜிட்டல் கட்டட மொடல் பற்றி எழுதுகிறேன். பராமரிப்பு என் பொறுப்பு. போனில் இரண்டு தடவை சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாரியில் ஒரு நாள் இரவு 2 மணியிருக்கும், இரண்டாம் மாடி நடையில் சீலிங்கால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. டேப்லட்டில் மொடலைத் திறந்து அந்தப் பக்கத்து வால்வைத் தேடினேன், 204ஆம் அறை வாசலுக்கு நேர் மேலே என்று காட்டியது. ஏணி வைத்து சீலிங் பலகையைக் கழற்றினால் அங்கே வயர் மட்டும்தான். வேறு வழியில்லாமல் மெயின் வால்வைப் பூட்டினோம், விடியும்வரை ஒரு அறைக்கும் தண்ணீர் இல்லை. காலையில், கட்டும்போது பைப் போட்ட அண்ணனுக்கு மூதூருக்குப் போன் எடுத்தேன். "துணி வைக்கிற அறை அலுமாரிக்குப் பின்னால பாருங்கோ தம்பி" என்றார். அங்கேதான் இருந்தது.

வேலை நடக்கும்போது பைப் பாதையை மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் தந்ததோ கட்டுவதற்கு முன் வரைந்த மொடல். சுவருக்குள் போன பைப் கண்ணுக்குத் தெரியாது, அதைக் காட்டத்தானே இவ்வளவு பணம் கட்டினோம்?

அப்புறம் ஏசி. மொடலில் வெளி யூனிட்டைத் தொட்டால் வெறும் பெட்டிதான், மாதிரி எண், பொருத்திய திகதி, உத்தரவாதம் முடியும் நாள், கடைசியாக சர்வீஸ் செய்த நாள் எதுவும் இல்லை. கடல் உப்புக்காற்றில் கொயில் எவ்வளவு கெதியாக அரிக்கும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், திகதி தெரியாமல் எதை முதலில் கழுவுவது, எதை மாற்றுவது?

கோப்பும் உங்கள் மென்பொருளில் மட்டும்தான் திறக்கும், அதற்கு வருடாவருடம் லைசன்ஸ் கட்ட வேண்டும். ஐஎஃப்சி (IFC) என்பது கட்டட மொடல் கோப்புகளுக்கான ஐஎஸ்ஓ 16739 என்ற பொதுத் தரம், அதில் கொடுத்தால் வேறு மென்பொருளிலும் திறக்கலாம். கட்டடத்தைப் பயன்படுத்தும் காலத்துத் தகவல்களை எப்படிக் கையாள்வது என்பதற்கே ஐஎஸ்ஓ 19650 இன் 3ஆம் பகுதி 2020இல் வந்துவிட்டது. இதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

ஆள் அனுப்பி மாடி மாடியாகப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி மொடலில் திருத்துங்கள். வால்வு, பம்ப், ஏசி, மின்பலகை எல்லாவற்றின் விவரத்தையும் நிரப்பி, ஐஎஃப்சி கோப்பாகவும், சாதன விவரங்களைப் பட்டியலாகத் தரும் கோபி (COBie) அட்டவணையாகவும் தாருங்கள். ஒக்டோபரில் மறுபடி மழை தொடங்கும், அதற்கு முன் வேண்டும். அதுவரை கடைசித் தவணைப் பணம் தரப்படாது, முதலாளியும் அதையே சொல்கிறார்.

இப்படிக்கு,
பராமரிப்பு மேற்பார்வையாளர்,
உப்புவெளி, திருகோணமலை