செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்: உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி, நகராட்சித் தலைவர்கள், செயல் அலுவலர்கள், ஆணையர்கள், சுகாதார ஆய்வாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் உள்ளாட்சியின் கண்ணில் படுவது இரண்டே முறைதான். கட்டட அனுமதிக்கு வரைபடம் வரும்போது ஒருமுறை. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுக்கும்போது இன்னொரு முறை. இடைப்பட்ட இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அந்தத் தொட்டி யார் கணக்கிலும் இல்லை. தொட்டி கட்டுவது, சுத்தம் செய்வது, பழுது பார்ப்பது என இந்தத் தொழிலிலேயே இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. தொட்டியின் அடியில் படியும் மலக் கழிவான கசடின் மேலாண்மைக்குத் தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயமானது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தொல்லை தரும் கழிவுநீர் மீது நடவடிக்கை எடுக்க 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. இத்தனை இருந்தும் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

அதன் விளைவு கடைசியில் ஒரு மனிதனின் உயிரில் போய் முடிகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் எடுக்காமல் விட்ட கசடு அடியில் களிமண்போல இறுகிவிடும். லாரி ஹோஸ் அதை இழுக்காது. மேலே உள்ள தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு லாரி கிளம்பிவிடும். மிச்சத்தை மண்வெட்டியால் கிளறிவிட ஒருவரை இறங்கச் சொல்வார்கள். கசடுக்குள் குமிழியாகச் சிக்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கால் பட்டதும் ஒரே மூச்சில் வெளியேறும். மூடி திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தாலும் இதே கதைதான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது தொட்டிக்குள்ளேயே தங்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று உள்ளே இருப்பவர் தைரியமாகிவிடுவார். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். முகத்தில் கட்டிய துண்டோ துணி மாஸ்க்கோ இதற்கு எதுவும் செய்யாது. மெழுகுவத்தி ஏற்றி இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம்: ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்று அது காட்டாது, மீத்தேன் இருந்தால் பற்றவைக்கும்.

இப்படி ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்ததாரர் மட்டுமல்ல, அழைத்த வீட்டுக்காரரும் மாட்டுவார். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனால் தண்டனை என்பது மரணத்துக்குப் பிறகு வருவது. கசடு இறுகும் முன்பே எடுத்துவிட்டால் இறங்க வேண்டிய தேவையே எழாது. எனவே உங்களிடம் நாங்கள் கேட்பது, முறை வைத்துக் கசடு எடுப்பதும் அதற்கு ஏற்ற தொட்டிதானா என்று நேரில் பார்ப்பதும்தான்.

முதலில் தொட்டி. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு, ஆண்டுதோறும் சுத்தம் செய்வதாக வைத்துத் தரம் சொல்லும் உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். அதாவது 1,125 லிட்டர். அதற்கு மேல் 30 செ.மீ. காலியிடம். வடிவமைப்புக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 0.21 லிட்டர் கசடு சேர்வதாக எடுத்துக்கொள்வார்கள். ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 383 லிட்டர். இந்தச் சின்னத் தொட்டியை மூன்று ஆண்டுகள் விட்டால் கணக்குப்படி கசடே அதை நிறைத்துவிடும்; வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் தங்கித் தெளிய இடமில்லாமல் அப்படியே வெளியேறும். நம் ஊர்களில் மேஸ்திரிகள் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகத்தான் கட்டுகிறார்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி நீர் மட்டம் என்றால் ஏறத்தாழ 5,600 லிட்டர். இதில் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர ஐந்து ஆண்டு ஆகும். ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே கெடு சரிவராது. பொதுவாக மூன்று ஆண்டு என்று வையுங்கள். 2,000 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு இரண்டு ஆண்டு. பெரிய தொட்டி வைத்திருப்பவர் கசடு மட்டத்தை அளந்து காட்டினால் ஐந்து வரை நீட்டிக் கொடுங்கள். கல்யாண மண்டபம், விடுதி, ஓட்டல் இவற்றுக்கெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்தாக வேண்டும்.

அளவைவிடப் பெரிய கோளாறு அடித்தளம். "இருபது வருஷமாச்சு, ஒரு தடவைகூட நிறையல" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. நிறையாத தொட்டி நல்ல தொட்டி அல்ல. அதற்கு அடி இல்லை, அல்லது சுவர் விரிசல் விட்டிருக்கிறது. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் காங்கிரீட் போடாமல், இணைப்புகளையும் பூசாமல் விட்டுவிட்டு அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊரில் அது நேராகக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்ச் சேரும். தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்பது தரம். மூன்று சென்ட் மனையில் இது நடக்காது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் தொட்டியாவது நீர் கசியாததாக இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறோம். இடமே இல்லாத தெருக்களில் வீட்டுக்கு வீடு உறிஞ்சு குழி தோண்டச் சொல்லாமல், தொட்டியில் தெளிந்த நீரைத் தெருவுக்குப் பொதுவான சுத்திகரிப்புக்குக் கொண்டுபோகும் வழியை நகராட்சிதான் யோசிக்க வேண்டும்.

கசிவைப் பிடிக்க ஒரே நேரம்தான் உண்டு: மேல் ஸ்லாப் போடும் முன்பு. தொட்டியில் அவுட்லெட் (நீர் வெளியேறும் குழாய்) மட்டம் வரை தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். முதல் நாள் சுவர் தண்ணீர் குடிக்கும்; அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மறுபடி நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் பூச்சு வேலை திருப்திகரமாக இல்லை என்று எழுதிக் கொடுங்கள். அதே வருகையில் இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். கழிவுநீர் உள்ளே வரும் இன்லெட்டைவிட அவுட்லெட் 5 செ.மீ. தாழ இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஆங்கில T வடிவ டீ பைப் மாட்டி, அதன் கால் நீர் மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. வரை இறங்க வேண்டும். மேஸ்திரிகள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த அவுட்லெட் டீயில்தான். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏடும் நேராக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நல்ல குழி இரண்டே மழைக்காலத்தில் வழிய ஆரம்பிக்கும். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் குறுக்குச் சுவர் இருக்கிறதா, அது இன்லெட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மூடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு திறப்பு வேண்டும். செவ்வகமானால் 45 செ.மீ.க்கு 60 செ.மீ., வட்டமானால் 50 செ.மீ. விட்டம். நடைமுறையில் கார் நிறுத்தும் இடத்தின் கீழே தொட்டி இருக்கும், அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருக்கும். டைல்ஸை உடைக்க மனமில்லாமலேயே பலர் கசடு எடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். கட்டட முடிவுச் சான்று தரும் முன் மூடி தெரிகிறதா என்று ஒரு போட்டோ கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

இனி, கட்டி முடித்த லட்சக்கணக்கான வீடுகளை யார் போய்ப் பார்ப்பது என்பீர்கள். உங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்க்கிறார்கள். செப்டிக் டேங்க் வாயு வெளியேறும் காற்றுக் குழாயை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வலையில்லாத காற்றுக் குழாயும் வெடித்த மூடியும் கியூலெக்ஸ் கொசுவுக்கு எவ்வளவு வசதி என்பதைச் சுகாதார ஆய்வாளருக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே பணியாளர் கையில் ஒரு அட்டை கொடுங்கள். தொட்டி எங்கே, மூடி தெரிகிறதா, கடைசியாக எப்போது எடுத்தது, தண்ணீர் எங்கே போகிறது, குழாயில் வலை உண்டா, கிணறு எவ்வளவு தூரம் என்ற ஆறு கேள்வி போதும். சொத்து வரி எண்ணோடு அதைச் சேர்த்துவிட்டால் ஊரின் முழுக் கணக்கும் கைக்கு வந்துவிடும்.

கசடு மட்டத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நீண்ட கம்பின் அடியில் மூன்று, நான்கு அடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, அடி தட்டும் வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து நேராகத் தூக்க வேண்டும். கறுப்புக் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறதோ அதுதான் கசடு. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் எடுக்க வேண்டியதுதான். மூடியைத் திறந்துவிட்டுச் சற்று விலகி நிற்க வேண்டும். தலையை உள்ளே நீட்டக் கூடாது, அருகில் பீடி, சிகரெட் கூடாது.

லாரி வரும்போதும் ஒரு சங்கதி உண்டு. ஹோஸை மேலாக வைத்து உறிஞ்சினால் தெளிந்த தண்ணீரே லாரியில் ஏறும், பணம் மட்டும் முழுசாகப் போகும். ஹோஸ் அடி வரை இறங்க வேண்டும். கசடு கெட்டியாக இருந்தால் லாரியில் ஏறிய நீரையே திருப்பி அடித்துக் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். குறுக்குச் சுவர் இருந்தால் இரண்டு அறையிலும் இதைச் செய்ய வேண்டும். அடியில் ஓரிரு அங்குலக் கசடை விட்டுவைக்க வேண்டும். அதில் உள்ள நுண்ணுயிர்கள்தான் மறுபடி வேலையைத் தொடங்கும். அதனால் எடுத்து முடித்ததும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கழுவுவது தவறு. கடையில் விற்கும் பாக்டீரியா பவுடரும் தேவையில்லை, கசடு எடுப்பதற்கு அது மாற்றும் அல்ல. சானிட்டரி நாப்கினும் டயப்பரும் ஹோஸை அடைக்கும். ஆர்.ஓ. கழிவுநீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் இதே தொட்டியில் விட்டால் கசடு படிய நேரம் கிடைக்காது.

எடுத்ததை எங்கே கொட்டுவது? உரிமமும் ஜி.பி.எஸ்.ஸும் கட்டாயப்படுத்திவிட்டு, கொட்ட இடம் தொலைவில் இருந்தால், டீசல் கணக்கு பார்த்து ராத்திரியில் ஏரிக்கரைக்கோ பக்கத்துக் கிராம ஊராட்சியின் ஓடைக்கோ போகும் லாரி போகத்தான் செய்யும். மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-ல் கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. திருச்சியில் கழிவுநீர் உந்து நிலையங்களில் லாரிகள் கொட்ட வசதி செய்தார்கள். உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள இடம் எது, அது ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதை ஓட்டுநர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். நிலையத்தில் வாங்கிய ரசீதைக் காட்டினால்தான் அடுத்த நடைக்கு அனுமதி என்று வைத்தால், ஜி.பி.எஸ். வரைபடத்தை உட்கார்ந்து பார்ப்பதைவிட அது உறுதியான கண்காணிப்பு.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மகாராஷ்டிரத்தின் வாய், சின்னர் என்ற இரு சிறு நகரங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கசடு எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் லாரிக்குத் தனியே பணம் தருவதில்லை. நகராட்சி வரியோடு வசூலித்து, வேலையைப் பார்த்து ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் என்பதால் லாரிக்கும் வீண் ஓட்டம் இல்லை. இதைப் பெரிய நகராட்சிதான் செய்ய முடியும் என்பதில்லை. அருகருகே உள்ள நான்கைந்து பேரூராட்சிகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போடலாம்.

தொடங்கும் மாதத்தை மட்டும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தாழ்வான தெருக்களில் தொட்டியை முழுதாகக் காலி செய்யக் கூடாது. நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலியான பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் மேலே கிளம்பி இணைப்புக் குழாய்களை முறித்துவிடும். மெல்லிய செங்கல் சுவர் உள்பக்கம் சரியும். ஜனவரியில் ஆரம்பித்து, ஏரியையும் ஓடையையும் ஒட்டிய தெருக்களைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மேட்டுத் தெருக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செப்டிக் டேங்க் கட்டுமான, பராமரிப்புத் தொழிலில் உள்ளோர்