முதலில் அந்த முள்கம்பியைப் பிடுங்கிப் போடு

கண்ணு,

அந்தியூர்ச் சந்தையில் மாப்பிள்ளை வாங்கிவந்த மார்வாரி ஆண் குதிரையின் போட்டோ பார்த்தேன். காது நுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற அழகே தனிதான். ஆனால் என் கண் போனது பின்னால் தெரிந்த முள்கம்பி மேல். அதற்கு அந்தப் பக்கமே உங்கள் பெண் குதிரைகள் இரண்டும் நிற்கின்றன. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது நம் ஆண் குதிரை செவலை ஒரு ராத்திரி கம்பியில் மோதியது ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் குதிரை பருவத்துக்கு வந்திருந்தது. நாலடிக் கம்பி போதும் என்று நான்தான் அசட்டையாக விட்டிருந்தேன். விடியக்காலம் போய்ப் பார்த்தால் மார்புத் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்குகிறது, அது அந்த வலியிலும் மேல் உதட்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு அந்தத் திசையையே மோந்து நிற்கிறது. தையல் போட்டு ஆற இரண்டு மாதம் ஆனது. தழும்பில் கடைசிவரை முடி முளைக்கவே இல்லை.

அதனால் மரவேலி போடுங்கள். தைலமரக் கட்டை நட்டு, உயரம் ஐந்தரை அடிக்குக் குறையாமல், குறுக்குக் கட்டைகளை ஆண் குதிரை நிற்கிற பக்கமாகவே அடிக்கச் சொல். வெளிப்பக்கம் அடித்தால் நெஞ்சை வைத்துத் தள்ளும்போது ஆணியோடு பெயர்ந்து வந்துவிடும். பெண் குதிரைகளுக்குத் தனி வேலி, இரண்டு வேலிக்கும் நடுவில் பத்தடி சந்து. ஒரே வேலியாக இருந்தால் மூக்கோடு மூக்கு வைக்கும், பருவத்தில் இல்லாதது கீச்சென்று கத்தித் திரும்பி உதைக்கும், கால் கட்டைக்குள் மாட்டிக்கொண்டால் முறிவுதான். அதற்காக இருட்டு லாயத்தில் தனியாகக் கட்டிப் போடாதே. யாரையும் பார்க்காத ஆண் குதிரைதான் சுவரைக் கடித்து ஆளையும் கடிக்கிறது. பார்க்கட்டும், தொட வேண்டாம், அவ்வளவுதான்.

தீவனத்துக்கு வருகிறேன். 400 கிலோ இருக்கிற குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். அதன் இரைப்பை சின்னது, ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நாலு வேளையாகப் பிரித்துக் கொடு. கொள்ளுப் பயறை ராத்திரி ஊறவைத்துக் காலையில் வேகவைத்து ஆறியபின் போடு. குதிரைமசால் தீவனப் பயிர் கொஞ்சம் கலக்கலாம். பூசணம் பிடித்த சோளத்தட்டு வேண்டவே வேண்டாம். கோழித் தீவனம் மிச்சம் இருக்கிறதே என்று ஒருபிடிகூட அள்ளிப் போடாதே, அதில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் கோழிக்கு ஒன்றும் ஆகாது, குதிரைக்கு இதயம் நின்றுவிடும்.

பெண் குதிரைக்கு 21 நாளைக்கு ஒருமுறை பருவம் வரும், ஐந்தாறு நாள் நிற்கும். காலண்டரில் குறித்து வை. அந்த நாட்களில் இவன் வேலியோரமே நடந்து தீவனத்தை மறந்து இளைப்பான். கண்ணால் பார்த்தால் தெரியாது, தினமும் விலாவில் கையை வைத்துத் தடவிப் பார். தொட்டியை வேலியிலிருந்து தள்ளி எதிர் மூலையில் வை. தினமும் ஒரு மணி நேரமாவது நடத்தி ஓட்டினால் பாதி முரட்டுத்தனம் வியர்வையோடு போய்விடும்.

அப்புறம், மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். வெல்லத்தைக் கையில் வைத்து நீட்ட வேண்டாம், அது கடிக்கப் பழக்குவது. சேர்க்கைக்கு விடுகிற அன்று வேறு முகக்கயிறு, மற்ற நாள் வேறு. கயிற்றைப் பார்த்தே இன்றைக்கு என்ன வேலை என்று அதற்குத் தெரிந்துவிடும். சினையான தேதியை எழுதி வைத்தால் பதினோரு மாதக் கணக்குச் சரியாக வரும்.

வருகிற ஞாயிறு நானே வருகிறேன். கட்டை அறுக்கிற ஆளைச் சொல்லி வை. அதுவரை ராத்திரியில் அவனைக் கம்பியோரம் விடாதே.

அப்பா