கிளாரினெட் வகுப்பு தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வியாசர்பாடியில் மாடி அறை பிடித்துவிட்டாய், அடுத்த மாதமே வகுப்பு என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. 'எல்லா நிலை மாணவர்களுக்கும்' என்று போர்டில் எழுதச் சொல்லியிருக்கிறாயாம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நம்ம பக்கம் சொல்லிக்கொடுக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

அந்த வரியை நம்பி உன் மாடிப்படி ஏறப்போவது யார் யார் என்று யோசி. கிரேடு பரீட்சைக்காக அம்மா கையைப் பிடித்து வரும் பத்து வயசுப் பிள்ளை. ராயபுரத்திலோ பெரம்பூரிலோ சர்ச் பாடகர் குழுவில் வாசிக்க ஆசைப்படும் கல்லூரிப் பையன். வாய்ப்பாட்டில் வர்ணம் வரை கற்ற பெண். அப்புறம், கல்யாணம், சாமி ஊர்வலம், சாவு என்று பேண்டு செட்டில் வாசித்தே பாதி ஆயுளைக் கழித்த அண்ணன். இந்தக் கடைசி ஆளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அவரிடம் போய், "இதுவரை வாசிச்சதை மறந்துடுங்க, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிடாதே. நானூறு பாட்டு தெரிந்த மனிதரைத் தொடக்க வகுப்பில் உட்காரவைப்பது அவமானப்படுத்துவது. ஒருமுறை கேட்டால் பாட்டைப் பிடிக்கும் காது அது. பாடுகிறவர் சுருதியை அரைக்கட்டை ஏற்றினால் விரல் தானாக மாறும். இசையை எழுதிவைக்கும் நோட்டேஷனைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அவருக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லி, அவர் கண்முன்னே பல்லவியை ஸ்டாஃபில், அதாவது ஐந்து கோட்டில், எழுது. எழுதியதை விரலால் தொட்டுக்காட்டியபடி திரும்ப வாசிக்கச் சொல். தெரிந்த பாட்டு என்பதால் கண்ணை முந்திக்கொண்டு காது ஓடும். புள்ளிக்கும் விரலுக்கும் உள்ள உறவு அப்படியே பிடிபட்டுவிடும். பிறகு அவருக்குத் தெரியாத நாலு சுரத்தை எழுதிக் கொடு.

அவரிடம் திருத்த வேண்டியது வாய்தான். மைக் இல்லாமல் டிரம்முக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே ஊதியவர்கள் வாயில் அதிரும் நாணல் தகடான ரீடைக் கடித்துத்தான் சத்தம் எடுப்பார்கள். கீழ் உதட்டின் உள்பக்கத்தைக் காட்டச் சொன்னால் பல் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும், சிலருக்குப் புண்ணே இருக்கும். முகவாயைத் தட்டையாக வைக்கச் சொல், கன்னத்தில் காற்றை அடைக்க வேண்டாம் என்று சொல். அப்புறம், மெல்லிய ஒலியில் ஒரே சுரத்தை நீளமாக ஊதவிடு. தெருவில் யாரும் அவரிடம் மெதுவாக வாசி என்று கேட்டதே இல்லை. தன் கருவியிலிருந்து அப்படி ஒரு நாதம் வருவதைக் கேட்டு அவர் முகம் மாறுவதை நீயே பார்ப்பாய்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. முன்பற்கள் விழுந்து முளைத்திருக்க வேண்டும், விரல் நுனி ஓட்டையை முழுசாக மூட வேண்டும். முதல் நாள் முழுக் கருவியைக் கையில் கொடுக்காதே. வாயில் வைக்கும் மவுத்பீஸும் அதை அடுத்த குட்டித் துண்டான பேரலும் மட்டும் போதும். பி பிளாட் கிளாரினெட்டில் அந்த இரண்டை மட்டும் சேர்த்து ஊதினால், வாய் சரியாக அமைந்திருக்கும்போது கீபோர்டின் எஃப் ஷார்ப் அருகே ஒலி வரும். கீழே தொங்கினால் உதடு தளர்ச்சி, மேலே போனால் கடிக்கிறது என்று அர்த்தம். ரீட் இரண்டு அல்லது இரண்டரை நம்பரில் ஆரம்பி. முழுக் கருவி சுமார் முக்கால் கிலோ, அத்தனையும் வலது கட்டைவிரலில்தான் உட்காரும். கழுத்துப் பட்டை வாங்கச் சொல். காசைப் பார்க்க வேண்டாம்.

யாராக இருந்தாலும் ஒரு இடத்தில் தடுக்கும். தொண்டைச் சுரமான ஏ-யிலிருந்து அடுத்த பி-க்குப் போகும் இடம். ஒற்றை விரலில் நிற்கிறவர் சட்டென்று எல்லா ஓட்டைகளையும் மூட வேண்டும். ஒரு ஓட்டை கொஞ்சம் திறந்தாலும் கீச்சென்று கத்தும். இதை மேலே ஏறிப் பழக்காதே. எல்லா விரலையும் மூடி கீழ் ஈ-யை ஊதவைத்து, அப்படியே, ஒலியை மேலே தாவவைக்கும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தச் சொல்: பி வந்துவிடும். அங்கிருந்து ஏ-க்கு இறங்கிப் பழகட்டும், வலது கை விரல்கள் மூடியபடியே இருக்கட்டும்.

அந்தச் சங்கீதம் கற்ற பெண்ணுக்கு இதையே வேறு விதமாகச் சொல். புல்லாங்குழலில் அதே விரலில் மேல் ஸ்தாயி அதே சுரம் வரும். கிளாரினெட் ஒருபக்கம் மூடிய நேர்க்குழாய்போல் ஒலிப்பதால் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். மந்தர ஸ்தாயி ஸட்ஜத்தைப் பிடித்து ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மத்திய ஸ்தாயிப் பஞ்சமம் வரும். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வாள். கமகம், அதாவது சுரத்தை வழுக்கி அசைப்பதுதான், அவளுக்குச் சிரமம். 1840களில் பாரிஸில் உருவான போம் சிஸ்டம் என்ற கீ அமைப்பில், ஓட்டையைச் சுற்றிய வளையத்தை அழுத்தினால் வேறொரு ஓட்டையின் பேடும் (ஓட்டையை மூடும் மெத்தை) சேர்ந்து மூடும், அதனால் விரலை உருட்டி ஓட்டையைப் பாதி திறக்கும்போது ஒலி வழுக்காமல் குதிக்கும். கீ குறைவான பழைய சிஸ்டம் கிடைத்தால் அதில் முயலட்டும். கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதம் வாசித்து, 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பை அவளுக்குப் போட்டுக் காட்டு. இந்தக் கருவியில் ராகம் வருமா என்ற கேள்வியே அப்புறம் வராது.

சர்ச் பையனிடம் முதலில் இதைச் சொல்லிவிடு: பி பிளாட் கிளாரினெட் ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும், அதனால் கீபோர்டுக்காரர் சி என்றால் அவன் டி வாசிக்க வேண்டும். தெரியாமல் முதல் ஒத்திகைக்குப் போனால் பாவம், கருவி கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடுவான். பரீட்சைப் பிள்ளைகளின் பெற்றோர் மூன்று உருப்படியையே வருஷம் முழுக்க அரைக்கச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதே. சர்டிஃபிகேட் வரட்டும், கூடவே வாரம் ஒரு புதுப் பாட்டும் வரட்டும்.

கட்டணத்தை எல்லாருக்கும் ஒன்றாக வை. ஆனால் பேண்டு அண்ணன்களுக்குச் சாவு வேலை ராத்திரி பன்னிரண்டுக்கும் வரும். மறுநாள் வகுப்புக்கு வரமாட்டார்கள். அந்த வகுப்பைத் தள்ளிவை, காசைப் பிடிக்காதே. மார்கழியில் கல்யாணம் இல்லை, அப்போது அவர்களுக்கு நேரம் கூடுதலாகக் கொடு.

கடைசியாகக் கருவி விஷயம். காசிமேட்டுக் கடற்காற்று ஊசி ஸ்பிரிங்கில் துருவை ஏற்றும், மாதம் ஒருமுறை ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு வைக்கச் சொல். யாராவது பழைய கிளாரினெட் வாங்கிவந்தால், கீழ் பாகத்தைத் தனியே எடுத்து, எல்லா ஓட்டைகளையும் விரலால் மூடி, சுண்டுவிரலால் கீழ் ஈ கீயையும் அழுத்தி, அடி வாயை உள்ளங்கைக்குப் பதில் முழங்காலில் அழுத்தி, மேலிருந்து காற்றை உறிஞ்சிப் பார். பிடித்து நின்றால் பேட் நன்றாக இருக்கிறது. நிற்காமல் கசிந்தால் சனிக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டைக்கு எடுத்து வா. பேட் என்னிடம் இருக்கிறது, மாற்றிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் வாத்தியார்