‘மூத்த மகன் முடிவெடுத்தார்’ என்ற அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முதியோர் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்று மூத்த மகன் முடிவெடுத்தார், குடும்பத்தார் சம்மதத்துடன் பெரியவர் கருணைக்கொலை செய்யப்பட்டார்.” எழுதியவர், பக்கப் பொறுப்பாளர், மெய்ப்புத் திருத்துபவர் என்று மூன்று பேர் கண்ணையாவது தாண்டித்தான் இது அச்சேறியிருக்கும். ஒருவருக்கும் உறுத்தவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ‘கருணைக்கொலை’. ஊசி போட்டு ஒருவரின் உயிரை முடிப்பது நம் நாட்டில் இன்றைக்கும் குற்றம். எந்த நீதிமன்றமும் அதை அனுமதித்ததில்லை. உச்ச நீதிமன்றம் அனுமதித்திருப்பது, இனிப் பலன் தராது என்று மருத்துவர்கள் உறுதிசெய்த சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதையும், தொடங்கியிருந்தால் நிறுத்துவதையும்தான். 2011 மார்ச்சில், தாக்குதலுக்கு ஆளாகிப் பல்லாண்டு நினைவற்றுக் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் கொள்கை அளவில் அதை ஏற்றார்கள். 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கினார்கள். இவையெல்லாம் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

தீர்ப்பிலேயே ‘யூதனேசியா’ என்றுதானே இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ‘நல்ல சாவு’ என்று பொருள். அதில் கொலை இல்லை. அதைக் ‘கருணைக்கொலை’ என்று எழுதுவது நம் தமிழ்ப் பத்திரிகைகள். அந்த ஒரு சொல் ஐசியூ வாசல்வரை வந்து நிற்கிறது. “இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்” என்று மருத்துவர் சொல்லும்போது, எதிரே நிற்கும் மகளுக்குக் காதில் விழுவது ‘கொலை’ என்பதுதான். “எல்லாம் செய்யுங்க டாக்டர்” என்கிறாள். அந்த ‘எல்லாம்’ என்னவென்று எந்தப் பத்திரிகையும் அவளுக்குச் சொன்னதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஐசியூ செவிலியராக வேலை செய்தவள் என்பதால் நான் சொல்கிறேன். தொண்டைக்குள் குழாய் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். குழாயைப் பிடுங்கிவிடாதபடி இரண்டு மணிக்கட்டையும் பட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவார்கள். சளியை உறிஞ்சக் குழாய் விடும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போடும். இரண்டு வாரத்துக்குள் எடுக்க முடியாவிட்டால் கழுத்தில் துளை. இதயம் நின்றால் நெஞ்சை ஐந்து சென்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். திடீரென்று நின்ற இதயத்துக்கு இது உயிர் கொடுக்கும். புற்று உடம்பெல்லாம் பரவி, அதன் கடைசிப் படியாக நிற்கும் இதயத்துக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை; நின்றதற்கான காரணம் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது மூத்த மகன். எந்தத் தீர்ப்பிலும் மூத்த மகன் என்ற பதவி கிடையாது. முதல் உரிமை நோயாளிக்கு. நினைவோடு, புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும், சம்மதமும் அவருடையதுதான். நடப்பது என்ன? “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்” என்று வெளியே பேசி முடித்துவிடுகிறார்கள். அவர் பேச முடியாத நிலைக்குப் போன பிறகு, அவருக்கு என்ன வேண்டும் என்று ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். அவரோடு ஐம்பது வருடம் வாழ்ந்த மனைவி வெளியே பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மகனுக்காக எல்லாம் காத்திருக்கும்.

குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்வி “நீங்க என்ன சொல்றீங்க?” என்பதல்ல. “அவரால் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்?” என்பது. முன்னதில் ஒருவர் தலையில் தீர்ப்பு ஏறுகிறது. பின்னதில் அவர் சாட்சி மட்டுமே. அருணா ஷான்பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973 நவம்பரில் தாக்கப்பட்டவர், 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை மும்பை கேஇஎம் மருத்துவமனையிலேயே இருந்தார். அவர் சார்பில் பேசும் தகுதி, உணவு கொடுப்பதை நிறுத்தச் சொல்லி வழக்குத் தொடுத்த எழுத்தாளருக்கு அல்ல, அத்தனை வருடம் அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் என்றது நீதிமன்றம். உணவை நிறுத்தக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள், நிறுத்தப்படவில்லை. தங்கள் கட்டுரையில் அருணாவின் பெயர் இருக்கிறது, இந்தச் செய்தி இல்லை.

மருத்துவர்களையும் விட்டுவைக்க முடியாது. பலன் தருமா என்று சொல்வது அவர்கள் வேலை. நடுராத்திரியில் போனில் கூப்பிட்டு, “வென்டிலேட்டர் போடவா வேண்டாமா, உடனே சொல்லுங்க” என்று கேட்பது சம்மதம் வாங்குவது ஆகாது. மருத்துவர்கள் சுமக்க வேண்டியதை மகன் தலையில் இறக்கிவைப்பது அது. அந்த மகன் ஆயுள் முழுக்க அதைச் சுமப்பான்.

இதைவிட மோசமானது ‘எழுதி வாங்கிக்கொண்டு’ அனுப்புவது. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று ஒரு படிவம். காசு தீர்ந்த குடும்பமும், சட்டத்துக்குப் பயந்த மருத்துவமனையும் சேர்ந்து கண்டுபிடித்த வழி. ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் மூச்சுக்காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருவார்; வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாயை உருவிவிடுவார். அந்த மனிதருக்கு மூச்சுத்திணறலுக்கு ஒரு சொட்டு மார்ஃபின் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. முறைப்படி செய்தால் என்ன நடக்கும்? மருந்தை முன்பே கொடுத்து, திணறல் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் கருவியைக் குறைப்பார்கள். அலாரத்தை அணைத்துவிட்டுக் குடும்பத்தை அருகில் உட்காரவைப்பார்கள். ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பது குடும்பத்தார் வேலையாக இருக்கும். பசிக்குமே என்று மூக்குக் குழாயில் பாலை ஏற்றுவதால் கடைசி நாட்களில் தொண்டையில் கரகரப்பும் உடம்பில் நீரும்தான் கூடும் என்று யாராவது நிதானமாக விளக்குவார்கள். இதையெல்லாம் ‘கொலை’ என்று எழுதிவிட்டு, திண்ணையில் குழாயை உருவுவதை ‘வீட்டில் காலமானார்’ என்று எழுதுகிறோம்.

தங்கள் இதழ் மீது இது என் முதல் குறை அல்ல. உடல் உறுப்பு தானச் செய்திகளில் மூளைச்சாவையும் கோமாவையும் ஒன்றாக்கிப் பல முறை எழுதியிருக்கிறீர்கள். கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். மூளைச்சாவு என்றால் இறப்பு. நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்வது. அப்போதும் கடிதம் போட்டேன். இப்போது அதே கட்டுரையில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முதியவரைச் சாகடிக்கும் தலைக்கூத்தலை ‘நம் முன்னோரின் கருணைக்கொலை’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அங்கே அந்த முதியவரை யாரும் கேட்பதில்லை. சிகிச்சையை நிறுத்துவதில் அவரைக் கேட்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அந்த ஏற்பாட்டைக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதைப் பேச்சில் ‘லிவிங் வில்’ என்கிறோமே, அந்த மருத்துவ உயிலை 18 வயது நிறைந்து தெளிந்த மனத்தோடு இருக்கும் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். தன் சார்பில் பேச ஒருவருக்கு மேல் நியமிக்கலாம்; ஒரே ஆளை எழுதி, அவர் அன்றைக்கு விமானத்தில் இருந்தால் என்ன செய்வது? பிரதிகளை நியமித்தவர்களுக்கும், குடும்ப மருத்துவருக்கும், உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

பலர் தவறுவது வாசகத்தில். “எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்” என்று மொட்டையாக எழுதினால், ஐந்து நாளில் குணமாகக்கூடிய நிமோனியாவுக்கும் அது பொருந்திவிடும். மருத்துவர் அதை ஏற்கத் தயங்குவார். “குணமாகும் வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால்” என்று நிலையைச் சொல்லி, வென்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சழுத்தம், உணவுக்குழாய் என்று தனித்தனியாக எழுத வேண்டும். வலி நிவாரணம் கட்டாயம் வேண்டும் என்றும் எழுத வேண்டும். பீரோவில் பூட்டிவைத்த உயிலால் பயனில்லை.

சிகிச்சையை நிறுத்தலாமா என்று மருத்துவமனையில் இரண்டு குழுக்கள் பார்க்கும். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்து ஆண்டாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரும் வேறு இரண்டு நிபுணர்களும் இரண்டாவது. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அனுமதி தேவையில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். உயில் எழுதாதவருக்கும் உறவினர் சம்மதத்தோடு இதே வழி உண்டு. நியமன மருத்துவர் யாரென்றே தெரியாததால்தான் பல இடங்களில் இது நின்றுபோகிறது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென உத்தரவு போட்டது. இங்கே என்ன நிலை என்று நிருபரை அனுப்பிக் கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம். வரும் ஞாயிறு கால் பக்கத்தில், மருத்துவ உயில் எழுதும் முறை. போடுவதாக இருந்தால், மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற 2018-ன் பழைய விதியைத் தயவுசெய்து மறுபடி அச்சிட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)